பழைய கணனிக்கு லினக்ஸ்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



வரிக் கணக்கு பற்றிய நிகழ்ச்சிகளின்போது வருகிற தொலைபேசி அழைப்புகள் எல்லாமே வரியைப் பற்றியவை அல்ல. சில காலத்துக்கு முன் ஒரு சகோதரி அழைத்தார். "அண்ணா, எங்கட கணனிக்கு இனி புது விண்டோஸ் வராதாம். எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். உள்ளுக்கு அப்பா எழுதினது எல்லாம் கிடக்கு. என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவருடைய அப்பா ஊரில் ஆசிரியராக இருந்தவர். இங்கே வந்தபின் தன் கிராமத்தைப் பற்றி, எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணறு யார் வெட்டியது என்றெல்லாம் பல வருடங்களாகத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. அந்தக் கிராமமும் அவர் எழுதியபடி இன்று இல்லை.

அந்தச் சகோதரிக்கு வானலையில் இரண்டு நிமிடத்தில் சொன்ன பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. அதனால் அதை உரையாக்கி, இங்கே எழுத்திலும் தருகிறேன். நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். தொழிலால் கணக்காளன். வானொலியில் தொண்டு செய்யப்போய், செலவைக் குறைப்பதற்காக லினக்ஸைப் பழகியவன். ஆகவே ஒரு கணக்காளன் சொல்கிற முறையிலேயே சொல்கிறேன்.

ஏன் இந்தக் கேள்வி வந்தது?

விண்டோஸ் 10 என்ற இயங்குதளம் 2015 யூலையில் வெளிவந்தது. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீடிப்புத் திட்டத்தையும் அறிவித்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்ரெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை 2017இன் பிற்பகுதியில்தான் வந்தது. எனவே அதற்கு முன் வாங்கிய கணனிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாசலிலேயே மறிக்கப்படுகின்றன.

திருத்தம் வராத கணனி அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைப்பதைப் போன்றது.

இங்கேதான் லினக்ஸ் ஒரு வழியாக வருகிறது. அது திறந்த மூல இயங்குதளம். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் "இலவசம்தானே, போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்கியவர்களில் பலர் இரண்டு நாளில் வெறுத்துப்போய்த் திரும்பியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் அநேகமாக லினக்ஸ் அல்ல. தங்களிடம் உள்ள பொருட்கள் அதற்கு ஒத்துப்போகுமா என்று முதலில் பார்க்காததுதான்.

ஒத்துப்போதல் என்றால் என்ன?

கணனியின் ஒவ்வொரு பாகத்துக்கும் இயங்குதளம் கதைக்க வேண்டிய ஒரு மொழி உண்டு. அந்த மொழிபெயர்ப்பாளரைத்தான் டிரைவர் என்கிறோம். விண்டோஸுக்கு டிரைவர் எழுதும் வேலையைப் பொருளைச் செய்த நிறுவனமே பெரும்பாலும் செய்துவிடும். முன்பு பெட்டிக்குள் ஒரு குறுந்தட்டு வரும். லினக்ஸில் நிலைமை வேறு. டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பொருளுக்கு அங்கே டிரைவர் இருந்தால், அதைச் செருகியவுடன் வேலை செய்யும். குறுந்தட்டும் வேண்டாம், தேடலும் வேண்டாம். இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

இதன் வரலாறு சுவையானது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் ஒரு லேசர் பிறின்ரர் வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கியது. பழைய பிறின்ரரில் தாள் சிக்கினால் அச்சுக் கொடுத்தவருக்குத் தகவல் போகும்படி அவர் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்றால் அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரிடம் கேட்டபோதும் தர மறுத்துவிட்டார். அந்த அனுபவம் அவரைச் சிந்திக்க வைத்தது. 1983இல் அவர் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் லினஸ் ரோவால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய லினக்ஸ் கரு அதனுடன் சேர்ந்தது. லினஸ் முதலில் எழுதியபோது தன்னிடம் இருந்த வன்தட்டு வகைக்கு மட்டுமே அது வேலை செய்தது. வேறு வகை அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கும் அடிப்படை அதுவே. ஒரு பொருளைச் செய்த நிறுவனமோ, அதை வைத்திருக்கும் ஒரு நிரலாளரோ டிரைவர் எழுதியிருந்தால் அது வேலை செய்யும். ஆகவே, "லினக்ஸ் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "என் வீட்டில் உள்ள இந்தப் பொருளுக்கு லினக்ஸில் டிரைவர் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

முதலில் இருப்புக் கணக்கு

ஒரு வியாபாரத்தைக் கைமாற்றும்போது நாங்கள் முதலில் இருப்பு எடுப்போம். இதற்கும் அதையே செய்யுங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் பொருட்கள்: செயலி, நினைவகம், வன்தட்டு, வைஃபை, திரைச் சில்லு, பிறின்ரர், ஸ்கானர், கமரா, ஒலிவாங்கி. வலப்பக்கம் வேலைகள்: ஊருக்கு வீடியோவில் கதைப்பது, வங்கி, பிள்ளைகளின் படிப்பு, தமிழில் தட்டச்சு, சங்கத்துக் கணக்கு. இரண்டு பக்கமும் சரி வந்தால்தான் மாற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து மாறுவது, வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்காத கணக்கு.

பொருட்கள் ஒவ்வொன்றாக

செயலியும் நினைவகமும்: செயலி 64 பிட் வகையாக இருக்க வேண்டும். 32 பிட் கணனிகளைப் பெரிய வெளியீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. உபுண்டு 2017இலேயே அதன் மேசைக் கணனிப் பதிப்பை நிறுத்தியது. லினக்ஸ் மின்ற் குறைந்தது 2 கிகாபைற் நினைவகம் கேட்கிறது, 4 கிகாபைற் இருந்தால் வசதி என்கிறது. இன்றைய இணையத் தளங்களின் பாரத்தைப் பார்த்தால் 8 இருப்பது நல்லது என்பது என் அனுபவம். பழைய சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி தட்டைப் போட்டால், பத்து வயதுக் கணனியும் இளமையாகும். புதுக் கணனியின் விலையில் அது சிறிய பங்கு.

திரைச் சில்லு: இன்ரெல், ஏஎம்டி இரண்டுக்கும் டிரைவர் கருவுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் தனி டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். லினக்ஸ் மின்ற், உபுண்டு இரண்டிலும் அதற்கென்று ஒரு கருவி உண்டு. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால் இன்ரெல்லே போதும்.

வைஃபை: மிகுதியான தலையிடி இங்கேதான். இன்ரெல் வைஃபை சில்லுகள் சிக்கலில்லாமல் வேலை செய்யும். புரோட்கொம் சில்லுகள் உள்ள பழைய மடிக்கணனிகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். மலிவான யூஎஸ்பி வைஃபைத் துண்டுகளில் கவனமாக இருங்கள். இதில் நானே ஏமாந்தேன்.

எங்கள் கலையகக் கணனி ஒன்றுக்கு அப்படி ஒரு துண்டு வாங்கினேன். அந்த மாதிரி இலக்கம் லினக்ஸில் வேலை செய்யும் என்று பார்த்து, அதே இலக்கத்தைத்தான் வாங்கினேன். செருகினால் அசைவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், மூலையில் மிகச் சிறிய எழுத்தில் 'இரண்டாம் பதிப்பு' என்று இருந்தது. வெளியே ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு சில்லு. அன்று பின்னேரம் இணைய வழியாக ஒரு நேர்காணல் ஒழுங்காகியிருந்தது. வீட்டிலிருந்து நீளமான வலையமைப்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து கதவுக்குக் கீழால் இழுத்துத்தான் நிகழ்ச்சியைச் செய்தோம். பெட்டியின் பெயரை நம்பியதற்கு அது தண்டனை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சில்லின் பெயர்.

அதைப் பார்ப்பது எப்படி? ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவன இலக்கம், பொருள் இலக்கம் என்று இரண்டு அடையாளங்கள் உண்டு. எங்கள் வரி இலக்கம் போல. உதாரணமாக இன்ரெல் நிறுவனத்தின் இலக்கம் 8086. அது அவர்கள் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயர். விண்டோஸில் 'டிவைஸ் மனேஜர்' பகுதியில் பொருளின் விபரங்களைத் திறந்து 'ஹாட்வெயார் ஐடி' என்பதைப் பார்த்தால் இந்த இலக்கங்கள் தெரியும். அவற்றையும் லினக்ஸ் என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடினால், பெட்டியில் உள்ள பெயரைத் தேடுவதைவிட நம்பகமான பதில் கிடைக்கும்.

பிறின்ரரும் ஸ்கானரும்: எச்பி நிறுவனம் தன் பிறின்ரர்களுக்கு லினக்ஸ் மென்பொருளைத் தானே திறந்த மூலமாக வெளியிடுகிறது. எந்தெந்த மாதிரிகள் வேலை செய்யும் என்ற பட்டியலும் உண்டு. பிறதர் நிறுவனமும் பல மாதிரிகளுக்கு லினக்ஸ் டிரைவர் தருகிறது. இன்னொரு சுலபமான அடையாளமும் உண்டு. பெட்டியில் 'ஏர்பிறின்ற்' என்று இருந்தால் அநேகமாகத் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸில் அச்சிடலாம். அப்பிள் நிறுவனம் 2010இல் கைபேசிகளுக்காகக் கொண்டுவந்த முறை அது. அதன் அடிப்படை பொதுத் தரத்தில் இருப்பதால் லினக்ஸும் பயன்பெறுகிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, அச்சு வேலை முழுவதையும் விண்டோஸின் தலையில் கட்டும் பழைய மலிவு லேசர் பிறின்ரர்களுடன்.

கமராவும் ஒலிவாங்கியும்: இவற்றில் பயப்பட அதிகம் இல்லை. யூஎஸ்பி கமரா, யூஎஸ்பி ஒலிவாங்கி இரண்டுக்கும் பொதுத் தரம் உண்டு. "டிரைவர் தேவையில்லை" என்று போட்டிருக்கும் யூஎஸ்பி ஒலிவாங்கி பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். விரல் அடையாளம் பார்க்கும் கருவி மட்டும் பல மடிக்கணனிகளில் வேலை செய்யாது. கடவுச்சொல்லைத் தட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு

லினக்ஸுக்காகவே கணனி வாங்குவதானால், சென்ற வாரம் சந்தைக்கு வந்ததை வாங்காதீர்கள். புத்தம்புதுப் பாகத்துக்கு டிரைவர் எழுதி, அது கருவுக்குள் சேர்ந்து, நீங்கள் பாவிக்கும் வெளியீட்டுக்கு வந்து சேரக் காலம் எடுக்கும். ஒன்றிரண்டு வருடம் பழைய மாதிரிதான் பொருத்தம். அலுவலகங்கள் மூன்று, நான்கு வருடம் பாவித்துவிட்டு விற்கும் வியாபார வகை மடிக்கணனிகள் நல்ல தெரிவு. லெனோவோ திங்க்பாட், டெல் லற்றிறியூட் வரிசைகள் லினக்ஸ்காரர் நடுவில் பெயர்பெற்றவை. அவற்றில் பல மாதிரிகள் உபுண்டுவின் சான்றிதழ்ப் பட்டியலில் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அந்தப் பட்டியலில் பாருங்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. 2018 முதல் 2020 வரை வந்த, ரி2 சில்லு உள்ள அப்பிள் கணனிகளில் விசைப்பலகையும் வைஃபையும் கூடச் சிக்கல் தரும். அதற்குப் பிந்திய எம் வரிசைச் சில்லுக் கணனிகளில் சாதாரண லினக்ஸ் வெளியீடுகள் ஓடா, தனிப் பதிப்பு வேண்டும். குரோம்புக்கும் ஆரம்பத்தவருக்கு ஏற்றதல்ல.

இனி வலப்பக்கம்: வேலைகள்

உலாவிக்குள் நடக்கிற எதுவும் கவலை இல்லை. பயர்பொக்ஸ் லினக்ஸுடனேயே வருகிறது. வங்கி, மின்னஞ்சல், யூரியூப், வட்ஸ்அப் எல்லாம் அதற்குள் நடக்கும். இங்கே அவுஸ்திரேலியாவில் தனிநபர் வரிப் படிவத்தையும் மைகவ் ஊடாக உலாவியிலேயே நிரப்பலாம். வைபருக்கும் சூமுக்கும் லினக்ஸ் பதிப்புகள் இருப்பதால் ஊரில் உள்ள அம்மாவுடன் கதைப்பது தடைப்படாது.

கடிதம், அட்டவணைக் கணக்குக்கு லிபரெஒபிஸ். மைக்ரோசொப்ட் வேர்ட், எக்ஸெல் கோப்புகளை அது திறக்கும். சாதாரணக் கடிதங்கள் அப்படியே வரும். சிக்கலான மக்ரோக்கள் எழுதிய எக்ஸெல் கோப்புகள் வராமல் போகலாம், முன்கூட்டியே திறந்து பாருங்கள். போட்டோஷொப் லினக்ஸுக்கு இல்லை. படங்களை வெட்டி ஒட்ட ஜிம்ப் போதும், தொழில்முறை வேலைக்குப் பழக்கம் வேண்டும்.

கணக்குப் பதிவுக்கு குனூகாஷ் என்ற நல்ல இரட்டைப் பதிவு மென்பொருள் இருக்கிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் போன்றவற்றின் வரவு செலவுக்கு அது தாராளம். ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் வியாபாரிகள் கவனிக்க: 2019 யூலை முதல் சிறிய நிறுவனங்களும் ஒவ்வொரு சம்பளத்தையும் வரித் திணைக்களத்துக்கு மென்பொருள் வழியாக அறிவிக்க வேண்டும். குனூகாஷ் அதைச் செய்யாது. உலாவியில் ஓடும் கணக்குச் சேவை ஒன்றைப் பாவித்தால் எந்த இயங்குதளம் என்பது பிரச்சினையே அல்ல. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளில் உங்கள் வியாபாரம் தங்கியிருந்தால், தயவுசெய்து அந்தக் கணனியில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகள் விடயம்: பள்ளிகள் பரீட்சைக்குப் பாவிக்கும் பூட்டிய உலாவிகளில் பல லினக்ஸில் ஓடா. பள்ளிக் கணனியை மாற்றும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். விளையாட்டுகளில் ஸ்ரீம் தளத்தில் உள்ள பல இப்போது லினக்ஸில் ஓடுகின்றன. போர்ட்நைற், வலரன்ற் போன்றவை ஓடா. இதைச் சொல்லாமல் மாற்றினால் வீட்டில் யுத்தம் வரும்.

ஒலிப்பதிவுக்கு ஒடாசிற்றி. எங்கள் நிலையத்துக்குப் பேச்சுப் பதிவுசெய்து அனுப்ப அது போதும். முன்பு இணைய வானொலிகள் ரியல்ஓடியோ வடிவத்தில் ஒலிபரப்பிய காலம் நினைவிருக்கும். அப்படிச் சேமித்த பழைய கோப்புகளையும் விஎல்சி பெரும்பாலும் வாசித்துவிடும்.

தமிழும் பாமினியும்

இது எங்களுக்கே உரிய பிரச்சினை. இன்றைய தமிழ் யூனிகோட் முறையில் இருக்கிறது. எந்த லினக்ஸிலும் அது தெரியும். ஆனால் எங்களில் பலர், 2000களிலும் அதன் பின்னும், பாமினி எழுத்துருவில் எழுதினோம். பாமினியில் கணனி சேமிப்பது தமிழ் எழுத்தை அல்ல. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும். 'அம்மா' என்று திரையில் தெரியும்போது கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத கணனியில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். அம்மா தெரியமாட்டா.

ஆகவே மாற்றுமுன், விண்டோஸில் எழுத்துருக்கள் உள்ள கோப்புறையிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவித்த மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் ஒரு யூஎஸ்பியில் பிரதி எடுங்கள். லினக்ஸில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்து நிறுவலாம். பழைய ஆவணங்கள் தமிழாகத் தெரியும். பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிச் சேமியுங்கள். மாற்றிகள் இணையத்தில் உண்டு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாளை தேடி வாசிக்க யூனிகோட்டே வழி.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும், எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் அதில் கிடைக்கும். இலங்கைத் தட்டச்சு வழக்கத்தில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உண்டு. ஊரில் தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் விரல்கள் இடம் தேட வேண்டியதில்லை.

பரீட்சித்துப் பார்த்தபின் முடிவு

லினக்ஸில் எனக்குப் பிடித்த விடயம், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. படிகள் இவை:

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டாம் படிக்குப் போகவே வேண்டாம்.

2. லினக்ஸ் மின்றின் கோப்பைத் தரவிறக்குங்கள். 2024இல் வந்த 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 8 கிகாபைற் யூஎஸ்பி ஒன்றில், ரூபஸ் என்ற சிறு மென்பொருளால் எழுதுங்கள். அந்த யூஎஸ்பியில் முன்பு இருந்தவை அழியும்.

3. கணனியை நிறுத்தி, யூஎஸ்பியைச் செருகி, தொடங்கும்போது எப்12 அல்லது அதற்குரிய விசையை அழுத்தி யூஎஸ்பியைத் தெரிவு செய்யுங்கள். வன்தட்டைத் தொடாமல் லினக்ஸ் திரையில் வரும்.

4. இப்போது தாளை எடுங்கள். வைஃபை, ஒலி, கமரா, பிறின்ரர், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரி போடுங்கள். யூஎஸ்பியில் ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும்.

5. எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். நிறுவியில் வன்தட்டுத் தெரியவில்லை என்றால், பயோஸ் அமைப்பில் வன்தட்டு முறை 'றெய்ட்' என்று இருக்கலாம். அதை 'ஏஎச்சிஐ' ஆக்க வேண்டும், ஆக்கியபின் பழைய விண்டோஸ் தொடங்காமல் போகலாம். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள், பிற்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலே எழுதி வையுங்கள்.

அந்தச் சகோதரியின் கணனி

அவர் ஒரு சனிக்கிழமை மடிக்கணனியைக் கலையகத்துக்குக் கொண்டுவந்தார். 2013இல் வாங்கியது. யூஎஸ்பியிலிருந்து லினக்ஸ் வந்தது. ஒலி வந்தது, கமரா வந்தது, வைஃபை வரவில்லை. உள்ளே புரோட்கொம் சில்லு. அவருடைய அண்ட்ரொயிட் கைபேசியை யூஎஸ்பிக் கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைப் பகிரும் வசதியைப் போட்டதும் கணனிக்கு இணையம் கிடைத்தது. இதை எல்லோரும் நினைவில் வைத்திருங்கள், வைஃபை வராத இடத்தில் பெரிய உதவி. நிறுவி முடித்தபின் அதே வழியில் டிரைவரை இறக்கினோம். வைஃபையும் சரியானது.

ஆனால் அதற்கு முன் ஒரு நிமிடம் எனக்கே நெஞ்சு பதறியது. அப்பாவின் கோப்பைத் திறந்தபோது பக்கம் பக்கமாக வெறும் ஆங்கில எழுத்துகள். "எல்லாம் பழுதாப் போச்சுதோ, அண்ணா?" என்றார் அவர். இல்லை, பாமினி என்று விளங்கியது. அதே வன்தட்டில் இருந்த விண்டோஸ் கோப்புறையிலிருந்து எழுத்துருவை எடுத்து நிறுவி, மீண்டும் திறந்தோம். முதல் வரியில் அவருடைய ஊரின் பெயர் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை மெதுவாக வாசித்துக் காட்டினார்.

அந்தக் கோப்புகளை இரண்டு வெளித் தட்டுகளில் பிரதி எடுத்த பிறகுதான் நிறுவினோம். இப்போது அவர் மகன் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான்.

யார் மாற வேண்டாம்?

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமானால், அதில் திருப்தியும் இருந்தால், அப்படியே இருங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளில் உழைப்புத் தங்கியிருப்பவர்கள் மாற வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை இல்லாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். பழைய கணனியை எறிவதாயின், கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள். விக்ரோறியா மாநிலத்தில் 2019 யூலை முதல் மின்கழிவைக் குப்பைத் தொட்டியில் போடுவது தடை.

நாங்கள் பலர் ஒரு பையுடன் வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க அன்று நேரம் கிடைக்கவில்லை. இந்த முறை கிடைத்திருக்கிறது. வன்தட்டைத் திறந்து, உள்ளே யாருடைய எழுத்து, யாருடைய குரல், எந்தப் படம் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எந்த இயங்குதளம் என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம்.

உங்கள் தாளைக் கோடு போட்டு நிரப்பிக்கொண்டு நிலையத்துக்கு அழையுங்கள். கணனியின் பெயரை மட்டும் சொல்லாமல், சில்லின் இலக்கத்தையும் சொன்னால் எனக்குப் பதில் சொல்ல இலகு.